நான் போட்ட சிவப்புக் கோடு

நம் பிரிவின் ஆண்டு மலரில் புதியவர்களுக்காக ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று கேட்டபோது முதலில் மறுத்துவிட்டேன். முப்பத்தெட்டு வயதில் என் பெயருக்குக் கீழே ‘ஓய்வு பெற்ற அதிகாரி’ என்று அச்சாவதை நினைத்தால் எனக்கே சிரிப்பு வருகிறது. குறுகிய காலப் பணியில் சேர்ந்தவள் நான். காலம் முடிந்தது, சீருடையைக் கழற்றிவிட்டேன். பிறகு உங்களில் ஒருவர் தொலைபேசியில் கேட்டார்: “மேடம், சண்டை நடந்தப்போ எண்ணூர்ல நீங்க சுடாம விட்ட கதைய எழுதுங்க. எல்லாரும் அதத்தான் சொல்லிக்கிட்டிருக்காங்க.”

அந்தக் கதை உங்களிடம் எப்படி வந்து சேர்ந்திருக்கிறது என்று அன்றுதான் தெரிந்தது. உள்ளூர்க்காரியான ஒரு பெண் அதிகாரி, கடலை அறிந்தவள், சுடாமல் விட்டு நான்கு மீனவர்களைக் காப்பாற்றினாள். இதில் பாதிதான் உண்மை. அந்த நால்வரையும் துப்பாக்கிக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்தியவளும் நான்தான். மீதிப் பாதியை எழுதத்தான் இப்போது உட்கார்ந்திருக்கிறேன்.

நான் திருவொற்றியூர் குப்பத்தில் பிறந்தவள். எங்கள் குடும்பத்தில் பள்ளிப் படிப்பை முழுதாக முடித்த முதல் ஆள். விமானப்படை விண்ணப்பத்தில் பெற்றோர் கையெழுத்துக்கான இடத்தில் என் அப்பா, எங்கள் பேச்சில் நைனா, கட்டைவிரலை மையில் தோய்த்து வைத்தார். வைத்த பிறகு விரலைத் துடைக்கவே இல்லை. மூன்று நாள் குப்பம் முழுக்க அதைக் காட்டிக்கொண்டு திரிந்தார். “எம் பொண்ணு ஏரோப்ளேன் ஓட்டப் போவுது. இன்னா சிரிக்கறே? இந்தா பாரு மை!”

அந்த மையை நினைத்துக்கொண்டுதான் பதினான்கு வருடம் பறந்தேன். அந்தப் பெருமை இன்றும் எனக்கு உண்டு. யாருக்காகவும் அதைக் குறைத்துக்கொள்ள மாட்டேன். ஆனால் அந்தப் பெருமைக்குப் பின்னால் ஒரு வெட்கமும் ஒளிந்திருந்தது. பயிற்சியின் முதல் வாரத்தில் நான் குப்பத்துப் பேச்சில் ‘வந்துகினு’ என்று ஒருமுறை சொல்லிவிட, சென்னையிலிருந்து வந்த இன்னொரு மாணவி சாப்பாட்டு மேசையில் அதைச் சொல்லிக்காட்டி எல்லாரையும் சிரிக்க வைத்தாள். அன்றிலிருந்து அந்தப் பேச்சை என் வாயிலிருந்து களைந்தேன். வீட்டுக்குத் தொலைபேசியில் பேசும்போதுகூட அறைக் கதவைச் சாத்திக்கொள்வேன்.

மேற்கு எல்லையில் சண்டை தொடங்கிய நான்காம் நாள், இரண்டு ஹெலிகாப்டர்களும் முப்பது பேரும் கொண்ட ஒரு சிறு பிரிவை எண்ணூருக்கு அனுப்பினார்கள். பொறுப்பு எனக்கு. நான் தலைமை ஏற்ற முதல் பிரிவு அது. துறைமுக வேலிக்குள் ஒரு காலி மைதானத்தில் இறங்கினோம். வேலிக்கு அந்தப் பக்கம் கொசஸ்தலை ஆறு கடலில் கலக்கும் முகத்துவாரம். தெற்கே கொஞ்ச தூரத்தில் நான் பிறந்த வீடு. வேலை என்னவென்றால், துறைமுகத்தில் எண்ணெய்க் கப்பல் ஒன்று நின்றிருந்தது. வெடிமருந்து ஏற்றிய சிறு படகு ஒன்று மீன்பிடிப் படகு போல வந்து அதில் மோதக்கூடும் என்று எச்சரிக்கை வந்திருந்தது. கடலில் இருக்கும் மீனவர்கள் எல்லாரும் மறுநாள் மதியத்துக்குள் கரை திரும்ப வேண்டும் என்று அரசு உத்தரவு போட்டிருந்தது.

இப்போது அந்தத் தவற்றுக்கு வருகிறேன். அது வானத்தில் நடக்கவில்லை. மின்விசிறி ஓடிய ஓர் அறையில், மேசை முன்னால், மாலை நான்கு மணிக்கு நடந்தது.

எங்கள் கட்டளை அதிகாரி வந்திருந்தார். அதிகம் பேசாத, யாரையும் அவசரப்படுத்தாத மனிதர். வரைபடத்தை விரித்து அவர் கேட்டது ஒரே கேள்வி: “நூற்றுக்கணக்கான படகுகள் திரும்பி வரும். எது மீனவன், எது மீனவன் இல்லை என்று மேலிருந்து எப்படித் தெரிந்துகொள்வீர்கள்?”

அறையில் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அந்தப் பார்வைக்காகவே காத்திருந்தவள் போல எழுந்து நின்றேன்.

பதினொரு வயதில் அடம்பிடித்து நைனாவின் படகில் ஒருமுறை போயிருக்கிறேன். முகத்துவாரத்துக்கு நேர் எதிரே தண்ணீருக்கடியில் மணல் திட்டு உண்டு. அதனால் படகுகள் நேராக உள்ளே வர முடியாது. முதலில் துறைமுகத்தைப் பார்த்தபடி வந்து, ஓர் இடத்தில் சட்டென்று இடப்பக்கம் வெட்டித் திரும்பி, திட்டின் ஓரமாகவே ஆற்றுக்குள் நுழைய வேண்டும். திரும்பும் இடத்துக்குக் கரையில் அடையாளம் உண்டு. இரண்டு பழைய புகைபோக்கிகள் ஒன்றின் பின்னால் ஒன்று மறைந்து ஒரே தூணாகத் தெரியும்போது திரும்ப வேண்டும். “ரெண்டும் ஒண்ணா நின்னுச்சுன்னா திருப்பு. தாண்டிப்போனே, திட்டுல குந்திக்குவே” என்று நைனா சொன்னது அப்படியே நினைவிருந்தது.

அதை அறைக்கு விளக்கினேன். வரைபடத்தில் அந்தத் திருப்பத்தைக் குறித்தேன். அதற்குச் சற்று உள்ளே, கப்பல் பக்கமாக, ஒரு சிவப்புக் கோடு போட்டேன். “மீனவர்கள் எல்லாரும் இந்தக் கோட்டுக்கு வெளியிலேயே திரும்பிவிடுவார்கள் சார். இதைத் தாண்டி உள்ளே வருகிறவன் மீனவன் இல்லை” என்றேன்.

அந்த வாக்கியம் அப்படியே எழுத்தில் ஏறி உத்தரவானது.

அப்போது வாசல் காவலர் உள்ளே வந்து என் அருகில் குனிந்தார். “மேடம், மீன்வளத்துறை ஆபீஸ்ல இருந்து ஒருத்தர அனுப்பியிருக்காங்க. குப்பத்துல பெரிய ஆளாம். படகு வர்ற வழியப் பத்திப் பேசணுமாம். ரெண்டு மணி நேரமா பெஞ்சுல உக்காந்திருக்காரு.”

ஜன்னல் வழியே பார்த்தேன். கட்டம் போட்ட லுங்கி, வெளுத்த சட்டை, மடியில் ஒரு பிளாஸ்டிக் பை. ஐம்பது வயதிருக்கும். கால் மேல் கால் போடாமல், ஆஸ்பத்திரியில் காத்திருப்பவர் போல விறைப்பாக உட்கார்ந்திருந்தார்.

“தேவையில்லன்னு சொல்லிடுங்க. நானே இந்த ஊர்தான்.”

என் துணை விமானி ஜெபராஜ், தூத்துக்குடிக்காரர், பக்கத்தில் நின்றிருந்தார். அவர் மெதுவாகச் சொன்னார்: “அஞ்சு நிமிசம் கேட்டுட்டு அனுப்பிருவோமே மேடம். பாவம், ரொம்ப நேரமா இருக்காரு.”

“உங்க தூத்துக்குடி கடல் வேற, இந்தக் கடல் வேற ஜெபராஜ். எனக்குத் தெரியும்.”

இதில் இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். நேரமின்மை காரணமில்லை. எல்லாம் தெரியும் என்ற எண்ணம்கூட முழுக் காரணமில்லை. அவர் உள்ளே வந்து வாயைத் திறந்தால் ‘கீது’ என்பார், ‘இஸ்த்துகினு’ என்பார். நான் இந்த ஊர் என்று சற்று முன்புதான் மார்தட்டியிருக்கிறேன். என் வீட்டில் எப்படிப் பேசுவார்கள் என்பது அந்த அறைக்குக் கேட்டுவிடும். அதற்குக் கூசித்தான் அவரை அனுப்பினேன். அன்று இரவு படுத்தபோதுகூட அது எனக்கு உறைக்கவில்லை.

மறுநாள் காலை எட்டரை மணி. கடலின் மேல் புகைமூட்டம் மஞ்சளாகப் பரவியிருந்தது. விடியும்போதே கெட்ட செய்தி வந்திருந்தது. மேற்கே என் பயிற்சித் தோழி இருந்த தளத்தில் தாக்குதல், அவளுக்குக் காயம், எவ்வளவு என்று தெரியவில்லை. காலையிலிருந்து வந்த படகுகள் எல்லாம் தெற்கே காசிமேட்டுக்குப் போய்விட்டன. முகத்துவாரத்துக்கு ஒன்றுகூட வரவில்லை. நான், ஜெபராஜ், பின்னால் கதவோரத் துப்பாக்கியில் ஹரியானாக்காரரான சார்ஜென்ட். மூவரும் கப்பலுக்கு மேலே வட்டமடித்துக்கொண்டிருந்தோம்.

கட்டுப்பாட்டு அறை அழைத்தது. கிழக்கிலிருந்து தனியாக ஒரு படகு.

கண்டுபிடித்தோம். கண்ணாடியிழைப் படகு. நான்கு பேர். நடுவில் நீலத் தார்ப்பாய் போட்டு மூடிய சுமை. சுமையின் கனத்தில் விளிம்பு தண்ணீரைத் தொடுகிற அளவுக்குப் படகு அமுங்கியிருந்தது. முனை நேராக எண்ணெய்க் கப்பலைப் பார்த்திருந்தது. எச்சரிக்கைக் குறிப்பில் எழுதியிருந்த ஒவ்வொரு வரியும் அந்தப் படகுக்குப் பொருந்தியது.

“மீனவங்கதான் ஜெபராஜ். கோட்டுக்கு முன்னாடி திரும்புவாங்க, பாருங்க” என்றேன்.

விளக்கை அடித்தோம். முன்னால் போய்க் குறுக்காக நின்று, நிற்கச் சொல்லிச் சைகை காட்டினோம். படகு நிற்கவில்லை. கட்டுப்பாட்டு அறை எச்சரிக்கைச் சூட்டுக்கு உத்தரவு கொடுத்தது. சார்ஜென்ட் படகுக்கு முன்னால் வெகுதூரம் தள்ளித் தண்ணீரில் ஒரு வரிசை சுட்டார். வெள்ளைத் தூண்களாகத் தண்ணீர் எழும்பி விழுந்தது. படகில் மூன்று பேர் குப்புற விழுந்தார்கள்.

“வேகம் கூடுது மேடம்” என்றார் ஜெபராஜ்.

திருப்பத்துக்கு இன்னும் கொஞ்சம்தான். எந்த நொடியில் திரும்புவார்கள் என்று கணிக்கக் கரையைப் பார்த்தேன், அந்த இரண்டு புகைபோக்கிகளைத் தேடி.

ஒன்று இருந்தது.

மற்றது மூட்டத்தில் மறைந்திருக்கும் என்று முதலில் நினைத்தேன். இன்னொரு முறை பார்த்தேன். அது நிற்க வேண்டிய இடத்தில் சமதளமாகச் செம்மண். நேற்று இறங்கும்போது அதற்கு மேலாகத்தான் பறந்தோம். கண் பார்த்திருக்கிறது, மனம் பார்க்கவில்லை. நான் மனப்பாடமாக வைத்திருந்த அடையாளத்தை எப்போதோ இடித்துத் தள்ளிவிட்டார்கள்.

படகு நான் குறித்த திருப்பத்தைத் தாண்டியது. பிறகு சிவப்புக் கோட்டையும் தாண்டியது.

காதில் கட்டளை அதிகாரியின் குரல் கேட்டது. பதற்றமே இல்லாத குரல். “கோட்டைத் தாண்டிவிட்டது. தாண்டுகிறவன் மீனவன் இல்லை என்று நேற்றுச் சொன்னீர்கள். இப்போதும் அதேதானா? அருகில் இருப்பவர் நீங்கள். முடிவு உங்களுடையது.”

அவர் என்னை மடக்கவில்லை. என் வார்த்தையை நம்பித்தான் அந்த உத்தரவு எழுதப்பட்டது. அந்த வார்த்தை இன்னும் நிற்கிறதா என்று கேட்டார். எனக்கு எவ்வளவு நேரம் இருந்தது என்றால், கோட்டுக்கு உள்ளே முந்நூறு மீட்டர். அதற்கும் அப்பால் போனால் படகைச் சுட்டாலும் வெடி கப்பலை எட்டிவிடும். அந்த வேகத்தில் நாற்பது விநாடி. கப்பலில் இருபது பேருக்கு மேல் இருந்தார்கள். கரையில் எண்ணெய்த் தொட்டிகள், அதற்குப் பின்னால் வீடுகள்.

“குறி தெளிவாக இருக்கிறது. உத்தரவு?” என்றார் சார்ஜென்ட்.

“பொறுங்க.”

அந்த நொடியில் எனக்குள் இரண்டு குரல்கள் கேட்டன. ஒன்று: ‘இவர்கள் உன் ஊர்க்காரர்கள், சுடாதே.’ மற்றது: ‘உன் ஊர்க்காரர்களாக இருக்க வேண்டும் என்று நீ ஆசைப்படுகிறாய், அதனால்தான் தயங்குகிறாய்.’ இரண்டில் எதையும் நம்ப முடியவில்லை. என் ஊர் அறிவுதான் இப்போது என் கண்ணெதிரே பொய்த்துப் போயிருந்தது. அதையே இன்னொரு முறை பிடித்துக்கொள்ள எனக்கு என்ன உரிமை? தெரியும் என்பதை எல்லாம் ஒதுக்கிவிட்டு, கீழே இருப்பதை மட்டும் பார்க்க முடிவு செய்தேன்.

இறக்கைக் காற்று படகைக் கவிழ்த்துவிடாத தூரத்தில், பக்கவாட்டில் தாழ இறக்கினேன்.

மூன்று பேர் படுத்திருந்தார்கள். ஒருவர் மட்டும் படகின் முனையில் நின்றிருந்தார். கையில் ஒரு நீளமான கழி. இப்போதுதான் துப்பாக்கியால் சுட்டிருக்கிறோம். பக்கத்திலேயே ஹெலிகாப்டர் இரைகிறது. அந்த மனிதர் எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கழியைத் தண்ணீருக்குள் குத்தினார், எடுத்தார், ஓரடி தள்ளி மறுபடி குத்தினார். பின்னால் படுத்திருந்தவர்களில் ஒருவர், படுத்த வாக்கிலேயே கையை நீட்டி, எஞ்சினைப் பாதி தூக்கினார். படகின் பின்னால் வெள்ளை நுரை சிதறியது. வேகம் குறைந்தது.

ஆழம் பார்க்கிறார். மணலைத் தேடுகிறார். கப்பலில் மோதப் போகிறவனுக்கு மணல் எதற்கு? கப்பல் நிற்பது ஆழமான தண்ணீரில். அவனுக்கு எஞ்சின் முழு வேகத்தில் ஓட வேண்டும். தூக்க மாட்டான்.

பொத்தானை அழுத்தினேன். “சுட வேண்டாம். படகு மணல் திட்டின் ஓரத்தைத் தேடுகிறது. நான் போட்ட கோடு தப்பு. மறுபடி சொல்கிறேன், என் கோடு தப்பு.”

அந்தச் சொற்களைச் சொல்ல எனக்கு மூன்று விநாடி ஆகியிருக்கும். பதினான்கு வருடத்தில் நான் பேசியதிலேயே நீளமான பேச்சு அதுதான். எல்லாம் பதிவாகிறது, முப்பது பேரும் கேட்கிறார்கள் என்று தெரியும்.

கட்டளை அதிகாரி கேட்டார்: “சரி. வேறு என்ன செய்யப் போகிறீர்கள்?”

என் முடிவு தவறாக இருந்தால் அதன் விலையைக் கப்பலில் இருப்பவர்கள் மட்டும் கொடுப்பது நியாயமில்லை என்று தோன்றியது. “ஜெபராஜ், படகுக்கும் கப்பலுக்கும் நடுவுல போய் நிக்கப் போறேன். தாழத்தான் நிக்கணும். வெடிச்சா நமக்குத்தான் முதல்ல. சார்ஜென்ட், உங்களுக்கும்தான். படகின் மேல் வைத்த குறியை விலக்க வேண்டாம்.”

“போங்க மேடம்” என்றார் ஜெபராஜ். சார்ஜென்ட் பெல்ட்டை இறுக்கும் சத்தம் காதில் கேட்டது.

நடுவில் போய் நின்றோம். படகின் முனை எங்களைப் பார்த்து வந்தது. ஜெபராஜ் தூரத்தைச் சொல்லிக்கொண்டே வந்தார். இருநூறு. நூற்றெழுபது. நூற்றைம்பது. முனையில் நின்றவரின் சட்டைப் பொத்தான்கள் தெரிந்தன. நூற்றிருபது.

கழிக்காரர் இடது கையை உயர்த்தினார்.

படகு சட்டென்று இடப்பக்கம் வெட்டித் திரும்பியது. ஒரு பக்கம் சாய்ந்து, தண்ணீர் உள்ளே வழிந்து, மறுபடி நிமிர்ந்து, திட்டின் ஓரமாகவே ஆற்றுக்குள் போய்விட்டது. காவல் படகு அதன் பின்னால் விரைந்தது. பத்து நிமிடத்தில் செய்தி வந்தது: தார்ப்பாயின் கீழே வலைகள், ஐஸ் பெட்டிகள், பழுதாகிப்போன ஒரு எஞ்சின்.

இறங்கிய பிறகு ஜெபராஜ் தண்ணீர் பாட்டிலைத் திறக்கப் பார்த்தார், முடியவில்லை. என்னிடம் நீட்டினார், என்னாலும் முடியவில்லை. சார்ஜென்ட் வாங்கித் திறந்து, முழுவதையும் தானே குடித்துவிட்டு, வெறும் பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தார். மூவரும் சிரித்தோம். அந்தச் சிரிப்பு நிற்க வெகுநேரம் ஆனது.

அன்று மாலையே முகத்துவாரக் கரைக்குப் போனேன். படகை இழுத்துப் போட்டு வலையை உதறிக்கொண்டிருந்தார்கள். கழிக்காரர் திரும்பினார். அதே கட்டம் போட்ட லுங்கி. முந்தைய நாள் பெஞ்சில் காத்திருந்தவர். அவர் பெயர் தேசப்பன்.

அவர் என் சீருடையை மேலும் கீழும் பார்த்தார். “இன்னாமே, நீதான் தலைக்கு மேல சுத்திகினு இருந்தியா?”

“ஆமாங்க.”

“நல்லா சுத்துனே போ. புது வலை, காத்துல ரெண்டா பூட்ச்சி.”

படகின் மறுபக்கத்திலிருந்து அவர் மச்சான் எட்டிப் பார்த்தார். “மாமா, அந்தப் பொண்ணாண்ட வலையப் பத்தி கேக்கறியே, நம்ம உசிர பத்தி கேளு. மேடம், இந்தாளு இன்னா பண்ணாரு தெரியுமா? டமால் டுமால்னு சுடறீங்க. நாங்கல்லாம் படுத்துகினோம். ‘யோவ் படுய்யா’ன்னு கத்தறேன். ‘நான் படுத்தா படகு திட்டுல குந்திக்கும், நீ மூடிகினு படு’ன்றாரு!”

“நிக்கச் சொல்லி லைட் அடிச்சோமே, ஏன் நிக்கல?” என்று கேட்டேன்.

“எங்கமே நிக்கறது?” தேசப்பன் கடலைக் காட்டினார். “பின்னாடி அலை தூக்கிகினு வருது. நாலு ஆளு, ரெண்டு படகு சாமானு. எஞ்சின நிறுத்துனா அடுத்த அலை உள்ளாற குந்திக்கும். நீ சுட்டா சாவறதா, நின்னு முழுவி சாவறதா? சரி, சுடறவன் குறி தப்பலாம், அலை தப்பாதுன்னு வந்துட்டேன்.”

விஷயம் இதுதான். வெளியே இரண்டு பேர் எஞ்சின் பழுதாகி நின்றிருந்ததை, உத்தரவுக்கு முன்பே கரை திரும்பிய ஒரு படகுக்காரர் பார்த்து வந்து சொல்லியிருக்கிறார். உத்தரவு அவர்களுக்குத் தெரியாது. அவர்களைக் கூட்டி வரப் போவதைச் சொல்லவும், எந்த வழியாக வருவேன் என்று காட்டவும்தான் தேசப்பன் எங்கள் வாசலில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தார்.

“அந்த ரெண்டு பொகக்குழா ஒண்ணா நிக்கற எடத்துலதானே திரும்புவீங்க?” என்றேன். எவ்வளவோ வருடத்துக்குப் பிறகு, எனக்கே தெரியாமல், வெளி ஆட்கள் முன்னால் அந்தப் பேச்சு வாயில் வந்தது. “எங்க நைனா அப்டிதான் சொல்லிக் குட்த்தாரு.”

அவர் முகம் மாறியது. “உங்க நைனாவா? யாரு?”

சொன்னேன்.

“அடக் கடவுளே, அவரு பொண்ணா நீ? விரல்ல மை வச்சிகினு சுத்துனாரே!” தலையில் அடித்துக்கொண்டார். “அவரு கடலுக்கு வந்து எத்தினி வருசம் ஆவுது? ஒரு குழாய இட்ச்சி தள்ளிட்டாங்க. மண்ணும் வடக்கால வளந்துகினே போவுது. இப்போ அதோ கீது பாரு, மஞ்ச கிரேன், அது அந்த வெள்ள டாங்குக்குப் பின்னால மறையறப்போதான் திரும்பணும். உள்ளாற வந்துதான் திரும்பணும். இத்த சொல்லத்தான் வந்தேன். தேவையில்லன்னு சொல்லி அனுப்ச்சிட்டாங்க.”

“அனுப்பினது நான்தான்.”

வலையை உதறிய கைகள் நின்றன. மச்சான் என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். தேசப்பன் படகின் உள்ளிருந்து அந்தப் பிளாஸ்டிக் பையை எடுத்துக் கொடுத்தார். உள்ளே பள்ளிக்கூட நோட்டிலிருந்து கிழித்த ஒரு தாள். ஸ்கெட்ச் பேனாவில் கடல், திட்டு, கிரேன், டாங்க், படகு திரும்பும் இடத்தில் ஒரு வளைந்த அம்பு. எல்லாவற்றுக்கும் பக்கத்தில் குண்டு குண்டான எழுத்தில் பெயர்.

“எனக்கு எழுதத் தெரியாது. ஆபீசருங்க முன்னாடி பேச வராதுன்னு எம் பொண்ணு வரஞ்சி குட்த்துச்சு. ஏழாவது படிக்குது.”

அந்தத் தாளை வைத்து அன்றே கோட்டை அழித்து வேறு கோடு போட்டோம். இந்த முறை தேசப்பன் மேசைக்கு முன்னால் நின்று சொன்னார், நான் அறைக்கு மொழிபெயர்த்தேன். அவர் ‘கீது’ என்றபோது யாரும் சிரிக்கவில்லை. கட்டளை அதிகாரி அவருக்குத் தன் நாற்காலியைக் கொடுத்தார்.

அறிக்கை எழுதும் நேரம் வந்தது. எல்லாம் நல்லபடியாக முடிந்ததால் முந்தைய நாள் நடந்ததை யாரும் கேட்கவில்லை. பாராட்டுக்கு என் பெயர் போவதாகவும் பேச்சு இருந்தது. ‘உள்ளூர் வழித்தடம் மாறியிருந்ததால்’ என்று ஒரு வரி எழுதினால் போதும், யார் மேலும் பழி வராது. அந்த வரியை எழுதவும் செய்தேன். ஏழாம் வகுப்புக் கையெழுத்தில் இருந்த அந்தத் தாள் பக்கத்திலேயே கிடந்தது. அதைப் பார்த்துவிட்டு, எழுதியதை அடித்தேன். வழியைச் சொல்ல வந்தவரைச் சந்திக்க மறுத்து நான் திருப்பி அனுப்பினேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பாராட்டு வரவில்லை. அடுத்த வருடம் நான் எதிர்பார்த்த பொறுப்பு இன்னொருவருக்குப் போனது. இதனால்தானா என்று நான் கேட்கவில்லை.

புதியவர்களே, நீங்கள் எந்தக் கரைக்கு அனுப்பப்பட்டாலும் அங்கே ஒருவருக்கு அந்த இடம் தெரிந்திருக்கும். பிறந்த ஊருக்கே அனுப்பினால் இன்னும் எச்சரிக்கையாக இருங்கள். நமக்குத் தெரிந்தது எந்த வருடத்து ஊர் என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். வானத்தில் எனக்குக் கிடைத்த நாற்பது விநாடி பெரிய விஷயமில்லை. மேசையில் எனக்குக் கிடைத்த ஐந்து நிமிடத்தைத்தான் நான் வீணாக்கினேன்.

அந்தத் தாளைப் பிரிவின் அறையில் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். போன வாரம் முகத்துவாரத்துக்குப் போனபோது தேசப்பனிடம் பெருமையாக அதைச் சொன்னேன். வரைந்த பெண் இப்போது மீஞ்சூரிலிருந்து ரயிலேறிக் கல்லூரிக்குப் போகிறாள். தேசப்பன் மகிழ்ந்துபோவார் என்று எதிர்பார்த்தேன். அவர் எரிச்சலோடு கடலைப் பார்த்தார்.

“அந்தக் கிரேன நவுத்தி எட்டு மாசம் ஆவுது. அத்த இன்னாத்துக்கு கண்ணாடி போட்டு மாட்டிகினு கீறாங்க? கடலு இன்னா போட்டோவா? எறக்கச் சொல்லு மொதல்ல.”

இறக்கிவிடுங்கள்.

“புதுசா வந்த புள்ளைங்கள இங்க வரச் சொல்லு” என்றார் பிறகு. “எந்நேரம் வந்தாலும் சொல்றேன். நான் பெஞ்சுலல்லாம் குந்த வெக்க மாட்டேன்.”